பூச்சாடியின் இரண்டாவது வேலை

கொழும்பில் ஒரு வீட்டை ஒதுக்கிச் சாமான்களைப் பிரிக்கும்போது, எறியவும் மனம் வராமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் கடைசியில் எஞ்சுபவை பூச்சாடிகள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்திருக்கும் தொடர்மாடிகளில், கலியாணப் பரிசாக வந்த கண்ணாடிச் சாடி அலுமாரிக்கு மேலே நிற்கும். கொட்டாஞ்சேனையில் சுரூபத்தின் இருபுறமும் பல வருடம் நின்ற பீங்கான் சோடியில் ஒன்று விளிம்பு உடைந்து குசினி மூலைக்குப் போயிருக்கும். இவற்றை என்ன செய்யலாம் என்று கேட்டால் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை: மணி பிளாண்ட் வளர்க்கலாம், குடை வைக்கலாம், அகப்பை நிறுத்தலாம், ஊறுகாய் போடலாம், உள்ளே மெழுகுதிரி ஏற்றலாம், ஈரமண் பானைக் குளிர்பெட்டி செய்யலாம். இந்த யோசனைகளில் பாதி வேறு ஏதோ ஒரு காலநிலைக்காக எழுதப்பட்டவை. வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும், சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசைவிட்டு அதிகம் விலகாத ஒரு துறைமுக நகரத்தில், பழைய சாடியின் புதிய வேலையைத் தீர்மானிக்க வேண்டியது அதன் நிறமோ வடிவமோ அன்று. அது தண்ணீரோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதே முதற்கேள்வி. தண்ணீர் உள்ளே நிற்குமா, சுவர் வழியாகக் கசியுமா, தண்ணீரில் சாடியே கொஞ்சம் கரையுமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மற்றது வீட்டுக்காரரின் ரசனை.

நிற்கும் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். டெங்கு வைரசைக் காவும் ஈடிஸ் எஜிப்டி நுளம்புக்கு என்ன பிடிக்கும் என்று பட்டியல் போட்டால், அது ஒரு பூச்சாடியின் வர்ணனை போலவே இருக்கும். மனிதர் வாழும் இடத்துக்கு அருகில், நிழலில், செங்குத்தான சுவருடைய சிறிய பாத்திரம். அதில் ஓடாத, ஓரளவு தெளிந்த நீர். நீரில் மெல்ல அழுகும் இலை அல்லது தண்டு. பெண் நுளம்பு முட்டைகளை நீரின்மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை; அதையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடும் வழக்கம் அதற்கு உண்டு. ஒரு சாடி தப்பினால் போதும் என்ற கணக்கு. ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான நீளம், கறுப்பு நிறம். வெள்ளைப் பீங்கானில் கவனித்துப் பார்த்தால் மிளகுத்தூள் ஒட்டியதுபோல ஒரு வரி தெரியும். கடும்பச்சைக் கண்ணாடியிலும் சுட்ட களிமண்ணிலும் எதுவும் தெரியாது.

பூச்சாடி நீர் வெறும் நீராக இருப்பதுமில்லை. 2008இல் லோகநாதன் பொன்னுசாமியும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, மூங்கில் இலை ஊறிய நீரில் பெருகும் பக்டீரியாக்கள் வெளிவிடும் சில கொழுப்பமிலங்கள் ஈடிஸ் எஜிப்டியை அங்கே முட்டையிடத் தூண்டுகின்றன என்று காட்டியது. ரோசாத் தண்டு இரண்டு நாள் நின்ற நீரில் அப்படிப்பட்ட பக்டீரியா வளர்ப்புக்கு என்ன குறை? முட்டைக்குள் இருக்கும் குடம்பி வெளிவருவதற்கான சமிக்ஞையும் இதே அழுகலிலிருந்துதான் கிடைக்கிறது. நுண்ணுயிர்கள் பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது; அந்தக் குறைவை உணர்ந்துதான் முட்டை திறக்கிறது. கொழும்பின் வெப்பத்தில் முட்டை பொரித்ததிலிருந்து சிறகு முளைத்துப் பறக்கும்வரை பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர்நாட்டு வீட்டில் மாதக்கணக்கில் தீங்கின்றி நிற்கும் அதே சாடி இங்கே ஒன்றரைக் கிழமையில் ஒரு தலைமுறையை வளர்த்து விடுகிறது.

“நான் கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேனே” என்பது நியாயமான ஆட்சேபம்தான். தண்ணீரை ஊற்றிவிட்டால் நீந்திக்கொண்டிருக்கும் குடம்பிகள் போய்விடும், உண்மை. சுவரில் ஒட்டிய முட்டைகள் போகாது. அவை காய்ந்தாலும் சாவதில்லை. நிழலான, ஈரப்பதமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரிக்கும். ஆகவே நீர் மாற்றுவது என்றால் உட்சுவரைத் தும்பாலோ போத்தல் பிரஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவுவது என்று பொருள். கழுத்து ஒடுங்கிய சாடிக்குள் கை போகாது, பிரஷ் வயிற்றின் வளைவை எட்டாது, அங்கேதான் சிக்கல். ஒரு பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டுக் குலுக்குவது அடிப்பகுதிக்கு உதவும், தோள்பகுதிக்கு அவ்வளவாக உதவாது. மணி பிளாண்ட் நிற்கும் போத்தலில் நிலைமை இன்னும் மோசம்: வேர்கள் சுவரோடு பின்னிக் கிடப்பதால் யாரும் தேய்ப்பதே இல்லை, வேர்களுக்கிடையில் குடம்பிகள் ஒளிந்தும் கொள்கின்றன. 2001இல் தென்சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் வந்த ‘லக்கி பம்பூ’ செடிகளின் நீரோடு ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு நுளம்பினமும் கரையிறங்கியது. அலங்காரத்துக்காக நீரில் நிறுத்திய ஒரு தண்டு சமுத்திரத்தைக் கடந்து நுளம்பைக் கொண்டுபோகுமானால், வரவேற்பறையிலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுபோவது பெரிய காரியமா? பழைய சாடிக்கு முதலில் சொல்லப்படும் யோசனை மணி பிளாண்ட். கொழும்பில் அதைக் கடைசியாகக்கூடச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

வீட்டு வைத்தியங்களும் உண்டு. ஒரு பிடி உப்புப் போட்டால் போதும் என்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. இலங்கையின் கரையோர ஊர்களில், உவர்நீர் தேங்கிய பாத்திரங்களிலும் பாழ்கிணறுகளிலும் இரண்டு ஈடிஸ் இனங்களின் குடம்பிகளும் வளர்வதை அவர்கள் கண்டார்கள். லிட்டருக்கு 15 கிராம் அளவு உப்பிருந்த நீரிலும் அவை இருந்தன. கடல்நீரில் 35 கிராம். குடம்பியை உறுதியாகக் கொல்லும் அளவுக்கு உப்பிட்டால் பூ அதற்கு முன்பே வாடிவிடும். செப்புக் காசு போடுவது சற்றுக் கௌரவமான யோசனை, ஏனெனில் அதன் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஆர்ஜென்டினாவின் தலைநகரிலும் கல்லறைத் தோட்டப் பூச்சாடிகளை ஆராய்ந்தவர்கள், செப்புக் கலந்த வெண்கலச் சாடிகளில் குடம்பிகள் மற்றச் சாடிகளைவிட அரிதாக இருப்பதைக் கவனித்தார்கள்; நீரில் கரையும் செப்பு அயனிகள் அவற்றுக்கு நஞ்சு. ஆனால் எவ்வளவு செப்பு கரையும் என்பது நீரின் அமிலத்தன்மை, உலோகத்தின் மேற்பரப்பு, அதன்மேல் படிந்த களிம்பு எல்லாவற்றையும் பொறுத்தது. இப்போதைய நாணயங்கள் பெரும்பாலும் உள்ளே உருக்கு, மேலே ஒரு மெல்லிய பூச்சு. பாட்டியின் பித்தளைச் செம்பில் நீர் விட்டுப் பூ வைத்தால் நுளம்பு வராது என்று நம்பித் தேய்க்காமல் விடுவது ஆபத்தான சோம்பல்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: கட்டட வேலைத்தளங்கள், அடைபட்ட பீலிகள், வெற்றுக் காணிகளில் குவிந்த குப்பை என்று நகரம் முழுவதும் நீர் தேங்கும்போது வீட்டுக்குள் நிற்கும் ஒரு சாடியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா? எண்ணிக்கையில் சாடி சிறியதுதான்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த நுளம்பு தொலைதூரப் பயணி அன்று. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்குள் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும், வீட்டுக்குள்ளே கட்டிலுக்கடியிலும் தொங்கும் உடுப்புகளிலும் இளைப்பாறும், பகலில் கடிக்கும். வீதியில் பிறந்த நுளம்பு படியேறி வர வேண்டும், மேசைச் சாடியில் பிறந்ததற்கு அந்தத் தொல்லையும் இல்லை. நெருக்கமாக மனிதர் வாழும் தொடர்மாடியில் ஒரு வீட்டின் சாடி பத்து வீடுகளின் விஷயம். 2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் மேல் மாகாணத்தவர். தென்மேல் பருவமழை கொழும்பில் நிலைகொள்ளும் ஜூன், ஜூலையில் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறுவது வழக்கம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், அதன்பின் ஆடிவேல். வீட்டுக்கு வீடு பூவும் சாடியும் நிறையும் மாதங்களும் அவையே.

“அப்படியானால் எறிந்துவிடுவதுதானே” என்று கேட்பவருக்கும் அதே 2017 பதில் சொல்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பின் குப்பை சேர்ந்திருந்த மீதொட்டமுல்ல மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எறிந்த பொருள் எங்கேயோ போய்விடுகிறது என்ற நினைப்பு அன்று மண்ணோடு சேர்ந்து சரிந்தது. பீங்கானும் சுட்ட களிமண்ணும் எறியப்பட்டால் அழிவதில்லை. சூளையில் 500, 600 பாகையைத் தாண்டும்போது களிமண் தாதுக்கள் தம் கட்டமைப்பிலுள்ள நீரை இழக்கின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு ஊறினாலும் அவை மறுபடி களியாவதில்லை. மன்னார் மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மெருகிட்ட மட்பாண்டத் துண்டுகள் ஆயிரம் வருடம் கழித்தும் மெருகோடு கிடைத்தன. குப்பையில் போன சாடியின் அரைவாசி வயிறு அதே உறுதியோடு மழைநீரை ஏந்திக்கொண்டு கிடக்கும்; வீட்டுக்குள்ளாவது ஒருவர் கண் அதன்மேல் படும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தகரம், போத்தல், சிரட்டை, டயர் முதலான நீரேந்தும் பொருள்களை வளவில் அப்படியே கிடக்க விடாத பொறுப்பைக் குடியிருப்பவர்மேல் சுமத்துகிறது. சாடி வேலியோரம் போனாலும் பொறுப்பு வீட்டோடுதான்.

ஆகவே மறுபயன்பாடு வேண்டும். அது நீரில்லாத வேலையாக இருக்க வேண்டும். இங்கேயும் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் உண்டு. குடை தாங்கி மிகப் பிரபலமான யோசனை. மழையில் நனைந்து வந்த மூன்று குடைகள் ஒரு பருவமழை நாளில் உயரமான சாடியின் அடியில் விடும் நீர் குடம்பிக்குத் தாராளம், இருட்டு வேறு. குசினியில் அகப்பையும் மத்தும் நிறுத்துவதும் அப்படியே, கழுவிய ஈரம் சொட்டிச் சொட்டிச் சேரும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்று: அடியில் ஓட்டை. உண்மையில் உலர்ந்த வேலை என்றால் நிறை கொடுக்கும் வேலையைச் சொல்லலாம். கடற்காற்றில் அறைக் கதவுகள் படார் படாரென்று அடிக்கும் வெள்ளவத்தை மாடிகளில், உலர்ந்த மணல் நிரப்பி வாயை அடைத்த சாடி நல்ல கதவுத் தடை. உலர்மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு லிட்டர் சாடி சாடியின் நிறையையும் சேர்த்து நான்கு கிலோவை எட்டும். புத்தக வரிசைக்கு முட்டுக்கொடுக்கவும் இது உதவும். கடற்கரை மணலை அள்ளி வந்து நிரப்பக் கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, மெருகில்லாத சாடியின் சுவருக்குள் ஊடுருவி, காயும்போது படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

ஓட்டை போடுவது பலர் பயப்படுமளவுக்குக் கடினமில்லை, பலர் நினைக்குமளவுக்கு எளிதுமில்லை. டிரில்லின் சுத்தியல் முறையை நிறுத்திவிட வேண்டும். ஓடோ டைலோ துளைக்கும் டைமண்ட் பிட் வேண்டும். சாடியைக் கவிழ்த்து, துணிமேல் வைத்து, துளைக்குமிடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி, சாய்வாகத் தொடங்கி மெல்ல நிமிர்த்தி, இடைவிடாமல் தண்ணீர் சொட்டவிட்டுத் துளைக்க வேண்டும். தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது: சூட்டைக் குறைத்து விரிசலைத் தடுக்கிறது, சிலிக்கா தூசி மூச்சுக்குள் போகாமலும் அடக்குகிறது. தடித்த பீங்கான் இதைத் தாங்கும். வெப்பமூட்டி வலுவேற்றிய கண்ணாடி தாங்காது, ஒரே நொடியில் பொடியாகும். துளையிட்ட சாடியில் மண் போட்டுச் செடி நடலாம். அப்போது நீர் வந்து போகும், தங்காது. கழுத்து ஒடுங்கி வயிறு அகன்ற சாடியில் மட்டும் பல வருடம் வளரும் செடியை நட வேண்டாம். வேர் வயிற்றை நிரப்பிய பிறகு செடியையோ சாடியையோ உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது. வாய் விரிந்த சாடியில் ரம்பையும் கறிவேப்பிலைக் கன்றும் கொஞ்சக் காலம் நன்றாக நிற்கும்.

சுவர் வழியாகக் கசியும் சாடிகள் தனிக் குலம். எது எந்தக் குலம் என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. சாடியைக் கவிழ்த்தால் மெருகு படாத ஓர் அடிவளையம் தெரியும். அதில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். சில நொடிகளில் உறிஞ்சப்பட்டுக் கரும்புள்ளியானால் அது தாழ்ந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1,100 பாகைக்குக் கீழே சுடப்பட்ட மண். முத்தாக அப்படியே நின்றால் 1,200 பாகையைத் தாண்டிச் சுடப்பட்டு உள்ளே கண்ணாடித்தன்மை அடைந்த கற்பீங்கான் அல்லது போர்சலின். தங்கொட்டுவையிலும் மாத்தளையிலும் ஆனது போன்ற மெல்லிய போர்சலினை நகத்தால் சுண்டினால் மணிபோல ஒலிக்கும். சிவப்பு மண்சாடி ‘தொக்’ என்னும். மெருகே இல்லாத மண்சாடிக்கு ஒரு பழைய வேலை காத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சீன வேளாண் நூலொன்றே சொல்லும் முறை இது: சாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பினால், சுற்றியுள்ள மண் காயக் காய அதன் உறிஞ்சுவிசை சுவரின் நுண்துளைகள் வழியாக நீரை இழுக்கும், மண் நனைந்ததும் இழுப்புத் தானாகவே தளரும். மழைபடாத பல்கனியில், ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சியில், ஒரு வளர்ப்புப் பைக்கு நடுவே இதைச் செய்யலாம். வாயைத் தக்கையாலோ இறுக்கிக் கட்டிய துணியாலோ அடைப்பது கட்டாயம். சும்மா கவிழ்த்த சிரட்டையின் இடுக்கு ஒரு நுளம்புக்குப் போதும்.

இதே நுண்துளை மண்ணை வைத்துச் சொல்லப்படும் இன்னொரு யோசனை கொழும்பில் தோற்றுப்போகும். பானைக்குள் பானை வைத்து நடுவே ஈரமணல் இட்டுக் காய்கறியைக் குளிர வைக்கும் முறையை நைஜீரியாவில் பரப்பியதற்காக முகமது பா அப்பா என்ற ஆசிரியருக்கு 2000ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். அங்கே காற்று உலர்ந்தது. 40 பாகை வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஆவியாதல் ஒரு பொருளைக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 23 பாகைவரை குளிர்விக்க வல்லது. கொழும்பில் 30 பாகை, 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் அந்த எல்லை 26 பாகைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். உள்ளதே நான்கு பாகைக்கும் குறைவான குளிர்ச்சி, அதில் கைக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. மிஞ்சுவது, மூலையில் எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணும் பூஞ்சணம் பிடித்த கத்தரிக்காயும்.

மூன்றாவது கேள்வி, தண்ணீரில் சாடியே கரையுமா என்பது, குசினிக்குள் வரும்போது கூர்மையாகிறது. தாழ்ந்த வெப்பத்தில் உருகும் மெருகுக்காக ஈய ஒட்சைட்டு நெடுங்காலம் பயன்பட்டது. பளபளப்புத் தரும், வண்ணத்தை எடுத்துக்காட்டும். மெருகின்மேல் தீட்டிய பொன்கோடும் பூவேலையும் இன்னும் தாழ்ந்த சூட்டில் பதிக்கப்படுபவை, அதனால் எளிதில் கரைபவை. உணவுப் பாத்திரம் என்று விற்கப்படுவதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 6486 என்ற தரவிதி இருக்கிறது: 4 சதவீத அசற்றிக் அமிலத்தை 24 மணிநேரம் அதில் நிறுத்தி, கரைந்து வந்த ஈயத்தையும் கட்மியத்தையும் அளப்பார்கள். அந்த அமிலம் அடிப்படையில் நம் வினாகிரியேதான். பூச்சாடியை அலங்காரப் பொருளாகச் செய்தவர் இந்தச் சோதனைக்கு அதை உட்படுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேசிக்காய் ஊறுகாயோ வினாகிரி விட்ட அச்சாறோ அதில் இரண்டு மாதம் இருந்தால், யாரும் கேட்காத அந்தச் சோதனை வீட்டிலேயே நடந்துவிடும், முடிவை அளப்பவர் மட்டும் இல்லாமல். கனமான கிறிஸ்டல் கண்ணாடியிலும் இதே கதை. 1991இல் ஜோசப் கிராசியானோவும் கொன்ராட் பிளமும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட பரிசோதனையில், ஈயக் கிறிஸ்டல் குடுவையில் ஊற்றிவைத்த வைனின் ஈயம் லிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கும் கீழிருந்து நான்கு மாதத்தில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராமுக்கு ஏறியது. பாட்டி காலத்தில் சீனச்சாடியில்தானே ஊறுகாய் இருந்தது என்பார்கள். இருந்தது, அந்த வகைச் சாடி ஊறுகாய்க்கென்றே உயர் சூட்டில் சுட்ட கற்பீங்கான். சாடி என்ற உறவு முறையை வைத்து அதன் உரிமையைப் பூச்சாடிக்கும் கொடுத்துவிட முடியாது.

மெழுகுதிரி பற்றிச் சுருக்கமாக: சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் விரியும் அளவு, ஆய்வுகூடப் போரோசிலிக்கேற் கண்ணாடியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒடுங்கிய சாடிக்குள் சுடர் ஒரு பக்கச் சுவரைச் சுட்டு, மறுபக்கம் யன்னல் காற்றில் குளிர்ந்தால் அது பிளக்கும். அடியில் இரண்டு விரற்கடை மணலும், சுடருக்கும் சுவருக்கும் நல்ல இடைவெளியும் இருக்கும் அகன்ற சாடி என்றால் சரி.

இத்தனைக்கும் பிறகு, சாடியில் பூதான் இருக்க வேண்டும், சுரூபத்துக்கும் சாமிப் படத்துக்கும் முன்னால் வேறெதையும் வைக்க முடியாது என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. நுளம்பு அதிகமுள்ள வேறு நாடுகளின் கல்லறைத் தோட்டங்களில் கையாளப்படும் முறை இங்கும் பொருந்தும்: சாடியை வாய்வரை கழுவிய ஆற்றுமணலால் நிரப்பி, மணல் நனையுமளவுக்கு மட்டும் நீர் விட்டு, தண்டைச் சரிவாக வெட்டி மணலில் குத்துவது. மணல்துகள்களின் இடுக்கில் நிற்கும் நீரைத் தண்டின் நாளங்கள் இழுத்துக்கொள்ளும். குடம்பிக்கு நீந்தவும், வால்முனையிலுள்ள மூச்சுக்குழலை மேற்பரப்பில் நீட்டித் தொங்கவும் திறந்த நீர் வேண்டும். அது அங்கே இல்லை. மணலுக்கு மேலே ஒரு விரல் நீர் நின்றால் எல்லாம் வீண். பூ ஒருநாள் முந்தி வாடலாம். சிங்கப்பூரில் வீட்டுச் சாடியின் நீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றச் சொல்லி அரசே பிரசாரம் செய்கிறது. அந்த வேலையோடு ஒப்பிட்டால் ஒருநாள் முந்தி வாடும் பூ மலிவு.

உடைந்துபோன சாடிக்கும் ஒரு வார்த்தை. அதன் துண்டுகளைப் பூந்தொட்டியின் அடியில் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தோட்டக்காரர் பலரும் சொல்வது. மண் இயற்பியல் நேர்மாறாகச் சொல்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள படைக்கு நீர் எளிதில் இறங்காது. மேல்மண் முழுவதாகத் தெவிட்டும்வரை மயிர்த்துளை விசை அதைப் பிடித்து வைத்திருக்கும். வேருக்குக் கீழே இருந்த ஈரப்படை துண்டுகளின் உயரத்துக்கு மேலே ஏறி வேரிலேயே நிற்கும். மண் வெளியே ஒழுகாமலிருக்க ஓட்டைக்கு மேல் ஒரேயொரு துண்டைக் குவிவுப்புறம் மேலாக வைத்தால் போதும். மிச்சத் துண்டுகள் தொட்டிக்கு உள்ளே போவதைவிடக் கீழே போவது நல்லது. கூர்முனையைத் தேய்த்து மூன்று துண்டுகளைக் கால்போல வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்தினால், அடித்தட்டே வேண்டாம். நீர் நேரே தரையில் வடிந்து காயும். பல்கனித் தரை அழுக்காகும் என்று தட்டு வைத்தே தீர்பவர்கள் அந்தத் தட்டையும் மணலால் நிரப்பட்டும்.